கிழமைக் கடன் கட்டத் தவறினால் சட்டம் என்ன சொல்கிறது?

நுண்கடன் பற்றிய பேச்சு எங்களிடையே பெரும்பாலும் வட்டிவீதத்தோடு நின்றுவிடுகிறது. தவணை தவறிய பின்னர் கடன்பட்ட பெண்ணுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை. கடன் கொடுத்தவருக்கு அதைச் சொல்வதில் ஆதாயமும் இல்லை.

2009இன் பின்னர் ஏ9 வீதியால் வன்னிக்குள் முதலில் வந்தவற்றில் நிதி நிறுவனங்களும் அடங்கும். மீள்குடியேறிய குடும்பங்களிடம் தொழில் இல்லை, நகை இல்லை. இந்திய வீட்டுத்திட்டம் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தது. கூரை போட அது போதாதவர்கள் கடன்பட்டார்கள். தொழில் தொடங்கவென்று எழுதி வாங்கிய கடன், சீமெந்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் முந்திய கடனின் தவணைக்கும் போனது.

கணக்கை ஒருமுறை பார்ப்போம். 50,000 ரூபாவுக்கு வருடத்துக்கு 24 வீதம் வட்டி என்று சொல்லி, 62,000 ரூபாவை 52 கிழமைகளில், கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபாவாக வாங்குகிறார்கள் என்று வையுங்கள். முதல் கிழமையிலிருந்தே முதலும் திரும்பிப் போகிறது. ஆனால் வட்டி மட்டும் முழு 50,000க்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதியில் கணித்தால் உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, 220 வீதம் வரையான வட்டியைப் பற்றியும் பேசினார்.

சரி, கட்ட முடியவில்லை. பிறகு? கடனைக் கட்ட இயலாமை தனியே ஒரு குற்றமல்ல, அது சிவில் விடயம். ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற இயலாத காரணத்துக்காக மட்டும் எவரையும் சிறையிடக்கூடாது என்கிறது சிவில் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை. இலங்கை 1980இல் அதில் இணைந்தது. ஆகவே "பொலிஸில் பிடித்துக் கொடுப்போம்" என்பது மிரட்டல்தான். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து தொலைக்காட்சியையோ தையல் இயந்திரத்தையோ தூக்கிச் செல்லவும் அறவிட வருபவருக்கு உரிமையில்லை. லீசிங் வாகனத்தின் கதை வேறு. அங்கே உரிமை நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. காசோலையிலும் கவனம் வேண்டும். பணமில்லாத கணக்கில் காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். வெற்றுக் காசோலையில் கையெழுத்துக் கேட்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதற்கு மேல் என்ன பாதுகாப்பு என்பது, கடன் தந்தது யார் என்பதில் தங்கியிருக்கிறது. 2018 முடிவில் மத்திய வங்கி விதித்த 35 வீத உச்ச வட்டி, அனுமதிப்பத்திரம் பெற்ற நிதிக் கம்பனிகளுக்கானது. 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற கம்பனிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அனுமதி பெற்ற நிறுவனமென்றால் முதலில் அதற்கு எழுத்தில் முறையிட்டு, தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்குப் போகலாம், இலக்கம் 1935. அனுமதியே இல்லாத தனியாரென்றால், அளவுமீறிய வட்டியுள்ள கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் மீளத் திறந்து பார்க்க 1918ஆம் ஆண்டின் பணக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் 50,000 ரூபாக் கடனுக்காக சட்டத்தரணி வைத்து வழக்காடப் போகிறவர் யார்?

2018 நிவாரணமும் இப்படித்தான் பாதியில் நின்றது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், 100,000 ரூபாவுக்குட்பட்ட கடனில் மூன்று மாதம் நிலுவை வைத்திருந்த பெண்களுக்கே அது கிடைத்தது. பட்டினி கிடந்து தவணை கட்டியவருக்கு ஒன்றுமில்லை. 2021 மார்ச்சில் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்ததும் இதே கடனுக்காகத்தான். இது எங்களுடைய பிரச்சினை மட்டுமல்ல என்பதை நாங்கள் போதியளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

சட்டம் எட்டாத இடம் குழுப்பிணை. பிணைக் கையெழுத்து உண்மையானது. கையெழுத்திட்டவர் மீது நிறுவனம் வழக்குத் தொடரலாம். ஆனால் நிறுவனம் வழக்குக்குப் போவதில்லை. காசு சேரும்வரை எவரும் எழும்பக்கூடாது என்று குழுவையே உட்கார வைத்துவிடுகிறது. அங்கே மிரட்டுவது அதிகாரி அல்ல, பக்கத்து வீட்டு அக்கா. முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்தவர்கள்கூட இதனால் முகம் பார்க்காமல் போயிருக்கிறார்கள். 2023இல் முன்வைக்கப்பட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டமூலம் பற்றிய விவாதம் அனுமதிப்பத்திரத்தையே சுற்றிச் சுழன்றது. அனுமதி பெற்ற நிறுவனமும் குழுவை வைத்து அறவிடலாமா என்ற கேள்வியை எங்கள் பிரதிநிதிகள் இனியாவது கேட்க வேண்டும்.

இப்போதைக்கு, ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியையும், கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டையும், மீதியைக் காட்டும் கூற்றையும் கேட்டு வாங்கி வைத்திருங்கள். மத்தியஸ்த சபைக்குப் போனாலும் நீதிமன்றத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அவைதான்.