நீட்: ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படிக்க யாரால் முடியும்?

பிளஸ் டூ முடித்த பிள்ளை, "இந்த வருஷம் காலேஜ் வேண்டாம், மறுபடியும் நீட் எழுதுறேன்" என்று சொன்னால், "சரி, படி" என்று எத்தனை வீடுகளில் சொல்ல முடியும்? மருத்துவ சேர்க்கையில் குடும்பத்தின் காசு நேரடியாக நுழையும் இடம் இதுதான்.

தமிழ்நாடு அரசு 2021-ல் அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து சேர்க்கை நடந்த 2016-17-ல், எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் 12.47% பேர். நீட் வந்த பிறகு 2020-21-ல் அது 71.42%. அதாவது நான்கில் மூன்று பேர் அளவுக்கு, முதல் முயற்சியில் சேராதவர்கள்.

கோச்சிங் ஃபீஸ் மட்டும்தான் செலவு என்று நினைத்தால் அது பாதிக் கணக்கு. ஹாஸ்டல், சாப்பாடு, டெஸ்ட் பேப்பர் என்று பட்டியல் நீளும். இதைவிட கண்ணுக்குத் தெரியாத செலவு, அந்த ஒரு வருஷம் வீட்டுக்கு வராமல் போகும் சம்பளம். அப்பா கூலி வேலைக்குப் போகும் வீட்டில் 18 வயசுப் பையன் சம்பாதிக்காமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. பெண் பிள்ளை என்றால் "இன்னும் ஒரு வருஷமா?" என்ற கேள்வியும் சேர்ந்து வரும். ஆனால் ரேங்க் பட்டியலில் இது எதுவும் தெரியாது. முதல் முறை எழுதியவரும் மூன்றாவது முறை எழுதியவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இதற்கு மாற்றாகத்தான் 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு வந்தது. முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் கிடைத்தன. அங்கேயும் காசு குறுக்கே வந்தது. தனியார் கல்லூரியில் சீட் கிடைத்தும், ஃபீஸ் கட்ட வழியில்லாமல் சிலர் அதை விட்டுவிட்டு வந்தார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இதை முதலிலேயே யோசித்திருக்கலாம்.

இந்தச் சட்டம் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் இந்த ஒதுக்கீட்டுக்குள் வரவில்லை. அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், வருமானமும் அதே அளவாக இருக்கலாம். 69% இடஒதுக்கீடு அவர்களுக்கும் உண்டு. ஆனால் அந்த வரிசையிலும் இரண்டு, மூன்று முறை எழுதியவர்களோடுதான் அவர்கள் போட்டி போட வேண்டும்.