வாள் சுழற்றும் சித்திரங்களும் நமது கருத்தும்

சென்ற ஞாயிறன்று சந்தா வசூலுக்காகச் சிங்காநல்லூர்ப் பக்கம் லைன் வீடுகளுக்குப் போயிருந்தோம். ஒரு திண்ணையில் நான்கு பையன்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தனர். திரையில் ஒரு சிறுவன். வலது கை இரும்பு. அவன் இரு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்டினால் தரையிலிருந்து ஈட்டி முளைக்கிறது. வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற ஸ்பின்னிங் தொழிலாளி. வயது எண்பதைத் தாண்டியவர். அவர் மகன் வேலை பார்த்த ஆலை 2020-ம் ஆண்டு ஊரடங்கில் நின்றது. "ஏனுங்க தோழர், இந்த ஜப்பான்காரன் பொம்மைப் படத்தைக் கண்டிச்சு நம்ம பத்திரிகையில நாலு வரி எழுதக் கூடாதுங்களா? பொழுதன்னிக்கும் வாளும் மாயமுந்தான்!" என்றார்.

எழுதுகிறோம். ஆனால் அவர் கேட்டபடி அல்ல.

பெரியவருக்கு ஒன்றை நினைவூட்டினோம். 1954-ம் ஆண்டில் 'மலைக்கள்ளன்' வந்தபோது தகப்பனார் தோளில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். அவரே நம்மிடம் பலமுறை சொன்ன சங்கதி. அந்தப் படம் எங்கே பிறந்தது? இதே கோவையில், பட்சிராஜா ஸ்டுடியோவில். நாமக்கல் கவிஞர் எழுதிய நாவலை ஸ்ரீராமுலு நாயுடு படமாக்கினார். எம்.ஜி.ஆர். நடித்தார். கருணாநிதி வசனம் எழுதினார். ஆறு மொழிகளில் அந்தக் கதை படமாயிற்று; திலீப் குமார் நடித்த இந்தி 'ஆசாத்' உள்பட. அதற்கு மூன்றாண்டு முன்னதாக ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'மர்மயோகி'யில் பேய் வருகிறது என்று வயது வந்தோருக்கு மட்டும் சான்றிதழ் கொடுத்தார்கள். வாளும் முகமூடியும் பேயும் இந்த ஊர் மில் தொழிலாளிக்கு அன்னியச் சரக்கா? ஷிப்ட் முழுக்க நூலோடு மல்லுக்கட்டியவன், பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கள்ளனைப் பார்த்துக் கைதட்டினான் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே வாள் இருக்கிறதா, மாயம் இருக்கிறதா என்பதல்ல கேள்வி. வாள் யார் கழுத்தை நோக்குகிறது என்பதே கேள்வி.

பையன்கள் பார்க்கும் இந்தச் சித்திரங்களுக்கு 'அனிமே' என்று பெயர். பெரும்பாலும் ஜப்பானியப் பத்திரிகைகளில் தொடராக வரும் சித்திரக்கதையை எடுத்து ஓடும் படமாக்குகிறார்கள். நம்மூரில் இவை இப்போது சிறு கூட்டத்தின் பொழுதுபோக்கு அல்ல. 'டீமன் ஸ்லேயர்' படம் 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலோடு தியேட்டர்களுக்கே வந்தது. அந்தக் கதையின் தொடக்கம் நமக்குப் பிடித்தது. மலையில் கரி சுட்டு ஊருக்குள் விற்கும் ஏழைப் பையன் தான்ஜிரோ. ஒருநாள் கரி விற்றுத் திரும்புகையில் குடும்பம் அரக்கனால் கொல்லப்பட்டுக் கிடக்கிறது. உயிரோடிருக்கும் தங்கையும் அரக்கியாகிக் கொண்டிருக்கிறாள். மனத்தைப் பிசையும் காட்சி. பின்னால் ஓர் அண்ணனும் தங்கையும் வருகிறார்கள். பட்டினியும் இழிவும் அவர்களை அரக்கராக்கிய விதத்தைக் கதை மறைக்கவில்லை. ஆனால் அதற்குக் கதை காட்டும் பரிகாரம் என்ன? கழுத்தை வெட்டு, பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடு. பட்டினி யாரால் வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. வாளிலிருந்து நீரும் நெருப்பும் சுழன்று வரும் அழகில் நாமும் வாய்பிளந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கரி மூட்டை எங்கோ நழுவி விழுந்துவிட்டது.

இரும்புக் கைச் சிறுவனின் கதை வேறு. (1970-களில் முத்து காமிக்ஸ் படித்தவர்கள் இரும்புக்கை மாயாவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதன் பெயர் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'. எழுதி வரைந்தவர் ஹிரோமு அரகாவா என்ற பெண்மணி. ஹொக்காய்டோ தீவில் பால்மாட்டுப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, பண்ணை வேலையில் கை காய்த்தவர். 2001 முதல் 2010 வரை இது சித்திரக்கதையாக வந்தது.

கதையின் அச்சாணி ஒரு விதி: எதைப் பெற்றாலும் அதற்குச் சமமானதைக் கொடுத்தாக வேண்டும். செத்த தாயை உயிர்ப்பிக்க முயன்று, அண்ணன் காலையும் கையையும் இழக்கிறான். தம்பி உடலையே இழந்து இரும்புக் கவசத்துக்குள் உயிராக நிற்கிறான். இந்த விதியையே மீறவல்ல ஒரு சிவப்புக் கல் இருப்பதாகக் கேட்டு இருவரும் தேடிப் புறப்படுகிறார்கள். கொடுக்காமலே பெறலாமாம்! தேடித் தேடி உண்மையைக் கண்டுபிடிக்கும்போது நெஞ்சு உறைகிறது. அந்தக் கல் உயிருள்ள மனிதர்களை உருக்கிச் செய்தது.

தோழர்களே, கொடுக்காமல் பெறுகிறவன் ஒருவன் இருந்தால், பெறாமல் கொடுத்தவன் எங்கோ இருக்கிறான். முதலாளியின் இலாபம் எதிலிருந்து வருகிறது என்று படிப்பு வட்டத்தில் நாம் கரும்பலகையில் கணக்குப் போட்டு விளக்குவதை அந்தப் பண்ணை மகள் ஒரு கல்லை வைத்துச் சொல்லிவிட்டார். அவர் நமது அரசியலைச் சேர்ந்தவர் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. உழைத்த கைக்குச் சில உண்மைகள் தாமே தெரியும், அவ்வளவுதான்.

இந்தக் கதையை இருமுறை ஓடும் படமாக்கினார்கள். 2003-ல் ஒன்று, மூலக்கதை அப்போது முடியாததால் பிற்பாதியைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 2009-ல் இன்னொன்று, மூலத்தைப் பின்பற்றி 64 பகுதிகள். மூலத்துக்கு விசுவாசமானது என்பதால் இரண்டாவதே உயர்ந்தது என்பது பெரும்பான்மையோர் தீர்ப்பு. திண்ணைப் பையன்களும் அதையே சொன்னார்கள். போரின் கொடுமையைச் சொல்வதிலும் முடிவின் செறிவிலும் அது உயர்ந்ததுதான். ஆனால் நமக்கு ஒரு வழக்கு உண்டு.

மூலத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர் வருகிறது. யூஸ்வெல் என்று பெயர். சுரங்கத்தை ஒரு லெப்டினன்ட் கையில் வைத்துக்கொண்டு வரிமேல் வரி போட்டுத் தொழிலாளரைப் பிழிகிறான். நம் சிறுவன் கல்லுக் குப்பையைத் தங்கமாக மாற்றிக் காட்டிச் சுரங்கப் பத்திரத்தை வாங்கி, தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் ஈடாகத் தொழிலாளரிடம் கொடுத்துவிடுகிறான். தங்கம் பிறகு கல்லாகிவிடுகிறது! 2003 படத்தில் இது ஒன்பதாம் பகுதி. 'விசுவாசமான' 2009 படத்தில் அந்தப் பகுதியே இல்லை. பின்னால் சிரிப்புக் காட்சியாகச் சிறிது நேரம் வந்து போகிறது. வெட்ட வேண்டியிருந்தபோது கத்தரிக்கோல் தொழிலாளி மேல்தான் விழுந்ததோ? சுரங்கத்தைத் தொழிலாளர் போராடி எடுக்கவில்லை, ஒரு கெட்டிக்காரப் பையன் வாங்கித் தந்தான் என்ற குறை அதில் உண்டு. குறையோடாவது இருந்திருக்கலாம்.

'அட்டாக் ஆன் டைட்டன்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். மதிலுக்குள் அடைபட்ட மக்கள், மதிலுக்கு வெளியே மனிதரைத் தின்னும் பூதங்கள். கடல் தாண்டிப் பார்த்தால் அங்கேயும் மனிதர்களே இருக்கிறார்கள். பிறகு கதாநாயகனே உலகத்தை மிதித்து நசுக்கக் கிளம்புகிறான். அதைக் கதை கொண்டாடவில்லை என்பது எங்கள் கருத்து. வீரம் என்று கைதட்டும் இளைஞர்களோடு எங்களுக்குச் சண்டை உண்டு.

இனி யாரும் பேசாத விஷயத்துக்கு வருவோம். இந்தச் சித்திரங்களை வரைகிற கைகள் யாருடையவை?

சோமனூர், பல்லடம் கூலி நெசவாளருக்கு இதைப் புரிய வைப்பது எளிது. நூல் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது, தறி உங்களுடையது, கூலி மீட்டர் கணக்கு, துணியின் இலாபம் அவருக்கு. அந்தக் கூலியை உயர்த்தத்தான் 2025 மார்ச்சில் தறிகளை நிறுத்தினீர்கள். ஜப்பானிலும் இதே ஏற்பாடுதான். பதிப்பகம், தொலைக்காட்சி, இசைத்தட்டு, பொம்மை முதலாளிகள் கூடித் தயாரிப்புக் குழு அமைத்துப் பணம் போடுகிறார்கள். படம் வரையும் ஸ்டுடியோவுக்குப் பெரும்பாலும் கூலி மட்டுமே. படம் உலகம் சுற்றிச் சம்பாதிக்கும் பணம் குழுவுக்கு. இடைச் சித்திரம் வரைகிறவருக்குத் தாள் கணக்கில் கூலி. திருப்பூர்க்காரர்கள் பீஸ் ரேட் என்பார்களே, அதுதான். 1963-ல் தெசூகா 'ஆஸ்ட்ரோ பாய்' படத்தைத் தொலைக்காட்சிக்கு அடக்க விலைக்கும் குறைவாக விற்றார். அன்று விழுந்த விலை இன்றும் தொழிலாளி முதுகில் இருக்கிறது என்று பலர் குறை கூறுகிறார்கள். தொடக்கநிலைச் சித்திரக்காரருக்கு ஆண்டுக்கு 15 லட்சம் யென்தான் கிடைக்கிறது என்று 2024-ல் ஐ.நா. மனித உரிமை நிபுணர் குழு சுட்டிக்காட்டியது. ரூபாயில் மாற்றிப் பார்த்து மலைக்க வேண்டாம். அந்நாட்டுச் சராசரிச் சம்பளத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. இன்று உலகம் கொண்டாடும் மியாசாகி, 1963-ல் தோயே ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து, அடுத்த ஆண்டே தொழிற்சங்கச் செயலாளரானவர். சங்கத்தில் உடன் நின்ற தகஹாதாவும் அவரும் சேர்ந்து உழைத்த 'ஹோரஸ்' என்ற வாள்வீரன் படம் 1968-ல் வெளிவந்தது. கிராம மக்கள் ஒன்று சேர்ந்துதான் அதில் பகைவனை வெல்கிறார்கள்.

இதையெல்லாம் திண்ணையில் சொன்னபோது பையன்கள் கைப்பேசியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தாளுக்குக் கூலின்னு சொன்னீங்களே, கெட்டுப்போன தாளுக்குப் பிடித்தம் உண்டுங்களா?" என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டோம். வரும் ஞாயிறு மாலை சங்க அலுவலகத்தில் அந்த ஒன்பதாம் பகுதியைப் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளைப் படித்து ஒரு பையன் தமிழில் சொல்வான். பெரியவரும் வருகிறார். பகல் ஷிப்ட் முடிந்து வருவோருக்காக ஆறரைக்குத்தான் ஆரம்பம்.