பல்லாங்குழிக்கும் ஒரு பாடவேளை கொடுங்கள்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாட்டை உருப்போட வைக்கும் முன் பல்லாங்குழியைக் கொடுங்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக நான் விடாமல் கேட்பது இதைத்தான். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று காயைத் தொடும் முன்பே பிள்ளைகள் கண்ணால் எண்ணிப் பார்த்துவிடுகிறார்கள். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது ‘பசு’. மூன்று கிடக்கும் குழியைக் காட்டி, “இன்னும் ஒண்ணுதான் டீச்சர்!” என்று ஒருத்தி கத்துகிறாளே, அங்கே கூட்டலும் கழித்தலும் ஒன்றாக நடக்கின்றன.

2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் செயல்வழிக் கற்றலுக்கு இடம் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் பயிற்சி நூலை நிரப்பும் அவசரத்தில் விளையாட்டுத்தான் முதலில் அடிபடுகிறது. பலகை இல்லையா? மரத்தடி மண்ணில் குழி பறிக்கலாம். காலையில் அரைமணி நேரம் போதும். பயிற்சி நூலை மதியம் எழுதட்டும்.