கையெழுத்து வாங்கத் திண்ணைக்கு, வழக்குப் போடக் கொழும்புக்கு

எங்கட மாமா லீசிங்கில ஒரு ஓட்டோ எடுத்தவர். கம்பனிக்காரர் முல்லைத்தீவுக்கு வந்துதான் ஆள் பிடிச்சவை. போமில கையெழுத்து வாங்கினது மாமாவின்ர திண்ணையில. மாதாமாதம் கட்டுக்காசுக்கு வந்ததும் அதே திண்ணைக்கு. கட்ட ஏலாமல் போனதும் ஓட்டோவைத் தூக்கினது அதே முற்றத்தில. ஆனால் மிச்சக் காசுக்கு வழக்கு? அது மட்டும் கொழும்பில.

எப்படி? 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9ஆம் பிரிவு, பிரதிவாதி வசிக்கும் இடத்தில் மட்டுமல்ல, ஒப்பந்தம் செய்யப்பட்ட இடத்திலும் வழக்குத் தொடரலாம் என்கிறது. மாமா கையெழுத்து வைத்த தாளின் அடியில் 'கொழும்பில் செய்யப்பட்டது' என்று அச்சடித்திருக்கிறது. மாமாவுக்குத் தெரியாமலே அவருடைய திண்ணை கொழும்புக்குப் போய்விட்டது.

"காசு வாங்கினால் கட்டத்தானே வேணும்?" எண்டு கேப்பியள். சரி, கட்டத்தான் வேணும். மாமாவின்ர பிரச்சினை அதில்லை. கையில குடுத்த மூண்டு மாதக் கட்டுக்காசு, 27,000 ரூபா, கணக்கில ஏறேல்லை. துண்டு இருக்கு. அதைக் காட்ட ஒரு நீதவான் வேணும், அவ்வளவுதான். கொழும்பு லோயர் ஒரு தவணைக்குப் பத்தாயிரம் கேக்கிறார். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ், சாப்பாடு, போன நாள்க் கூலி வேறை. ரெண்டாம் தவணையிலேயே 27,000 முடிஞ்சுது. வென்றாலும் லோயருக்குக் குடுத்தது முழுக்கத் திரும்பி வராது. இப்படியான கணக்குப் போட்டுத்தான் சனம் போகாமல் விடுது. போகாவிட்டால் ஒருதலை விசாரணை, ஒருதலைத் தீர்ப்பு. அதை நீக்கக் கேட்பதற்கும் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாளுக்குள் அதே நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

மத்தியஸ்த சபை இருக்கே? 1988இல் அதற்கான சட்டம் வந்ததே, லோயர் இல்லாமல், செலவில்லாமல், ஊரில் பேசித் தீர்க்கத்தான். மாமாவுக்கு அந்தக் கடிதமும் கொழும்பிலயிருந்துதான் வந்தது. அவர் போகேல்லை. இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் எழுதிக் குடுத்தாச்சு. வழக்குக்குக் கதவு திறந்தது.

மொழியை யாரும் பேசுவதில்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். கொழும்பில் அது சிங்களம். உரைபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை இருக்கிறது, உண்மைதான். ஆனால் முல்லைத்தீவு மாவட்ட நீதிமன்றத்தில் தன்ர வாயால சொல்லக்கூடிய விசயத்தை இன்னொருத்தரின்ர வாயால சொல்லவைக்கிறதை உரிமை எண்டு சொல்ல எனக்கு மனம் வருகுதில்லை. வழக்கின் இடத்தை மாற்றியபோது கம்பனி மொழியையும் சேர்த்து மாற்றிப்போட்டுது.

இது எங்கட ஊர்ப் புலம்பல் மட்டுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி, எல்லை தாண்டிய பிணக்கில் நுகர்வோர்மீது அவர் வசிக்கும் நாட்டில்தான் கம்பனி வழக்குத் தொடரலாம். அமெரிக்காவில் கடன் அறவிடும் முகவர்களை 1977ஆம் ஆண்டிலேயே கட்டிப்போட்டார்கள்: கடனாளி வசிக்கும் இடம், அல்லது அவர் உண்மையாகக் கையெழுத்து வைத்த இடம். கவனியுங்கோ, அச்சடித்த இடமில்லை, கையெழுத்து வைத்த இடம். அந்த விதி இங்கை இருந்தால் மாமாவின்ர திண்ணை திண்ணையாகவே இருந்திருக்கும்.

இங்கே 2022இல் சிறு கோரிக்கை நீதிமன்றங்களின் நடவடிக்கைமுறைக்கென்று தனிச் சட்டமே நிறைவேறியது. வழக்குகள் கெதியாய் முடியட்டும், நல்லம். ஆனால் வரவே ஏலாதவனுக்குக் கெதியாய் வாறது ஒருதலைத் தீர்ப்பு மட்டும்தான்.

9ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கடன், லீசிங் கம்பனிகள் தனியாள்மீது போடும் வழக்கு, அவர் வசிக்கும் மாவட்டத்தில்தான். கம்பனிக்குச் செலவு கூடுமாம். முல்லைத்தீவில நீதிமன்றம் இருக்கு, லோயர்மார் இருக்கினம். கட்டுக்காசு வாங்க மாதாமாதம் வந்த ஆக்களுக்கு ரோட்டும் தெரியும்.