கரையேறியவர்களை நாம் எழுதவில்லை

கடற்போர்க் கதைகளைத் திருவாரூர்ச் சீமைக்காரர்களாகிய நாம் சொந்த வீட்டுக் கதை போலவே படித்து வளர்ந்தோம். வந்தியத்தேவன் கோடிக்கரைக்குப் போன வழி நமக்குப் பஸ் போகிற வழி. கல்கி பிறந்த புத்தமங்கலமும் சாண்டில்யனின் திருஇந்தளூரும் மாயவரத்தை ஒட்டிய ஊர்கள். குமுதத்தில் வாராவாரம் வந்த 'கடல் புறா'வைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்டு போட்டு வைத்திருந்த வீடுகள் நம் தெருக்களில் இருந்தன. அந்தப் புத்தகங்கள் தந்த பெருமிதத்தில் பொய் ஏதுமில்லை. 1025ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கரையிலிருந்து போன கப்பற்படை கடாரத்தை வென்றது உண்மை.

ஆனால் இத்தனை படித்தும் ஒரு கேள்வியை நாம் கேட்கவே இல்லை. அந்தக் கப்பல்களில் துடுப்புப் போட்டவனும் பாய் இழுத்தவனும் திரும்பி வந்து என்ன ஆனார்கள்? கடாரப் படையெடுப்பில் வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், நக்கவாரம், கடாரம் என்று நீள்கிறது அந்தப் பட்டியல். சிறைப்பட்ட அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்பதும் அதில் இருக்கிறது. ஒரு மாலுமியின் பெயர்கூட இல்லை. மெய்க்கீர்த்தி அரசனைப் பாடுவதற்கென்றே வெட்டப்பட்டது, அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கதை எழுதியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் 'கடல் புறா'வின் மூன்று பாகங்களையும், 'வேங்கையின் மைந்த'னையும் படித்து முடித்த நாம், கரையேறிய ஒரு துடுப்புக்காரனின் கிழப்பருவத்தைச் சொல்லும் அத்தியாயம் எங்கே என்று எந்த ஆசிரியருக்கும் ஒரு கடிதம் போடவில்லை. வெற்றிக்கொடி ஏறியதும் புத்தகத்தை மூடிவிட்டோம்.

இது நம் மண்ணின் பழைய வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 'கடல் புறா'வின் நாயகன் கருணாகரன்தான் கலிங்கத்துப்பரணியின் தளபதியும். அந்தப் பரணியைப் பாடிய செயங்கொண்டாருக்குச் சொந்த ஊர் என்று சொல்லப்படுவது குடவாசல் பக்கத்துத் தீபங்குடி. யானைகள் மடிந்த களத்தைப் பாட வந்த அவர், எடுத்த எடுப்பிலேயே கடைதிறப்பு என்று ஒரு பகுதியை வைத்தார். போருக்குப் போனவர்கள் திரும்பும் வேளையில் காத்திருந்து ஊடியிருக்கும் பெண்களின் வீட்டு வாசல்கள் அங்கே வருகின்றன. களம் பாடும்போது, விழுந்த உடல்களுக்கு நடுவே கணவனைத் தேடும் மனைவியரையும் அவர் விட்டுவிடவில்லை. போரில் இறந்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்டு, அதற்கு உதிரப்பட்டி என்று பெயரிட்டுக் கல்லில் பொறித்த வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. வீடு என்று ஒன்று போருக்குப் பின்னால் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மறந்தவர்கள் நாம்.

நம் பாட்டன்மார் காலத்தில் இரண்டாம் உலகப் போர் வந்தது. முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், நாகூர் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருவர் அக்கரையில் சபுராளியாக, அதாவது கடல் கடந்து பிழைப்பவராக, இருந்த காலம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களில் ஒரு பகுதியினர் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். சரக்குக் கப்பல்களில் லஸ்கர்களாகவும் கலாசிகளாகவும் வேலை பார்த்து அந்தப் போரில் மூழ்கிப்போன இந்தியர்கள் 6,000 பேருக்கு மேல். வங்காளிகள், கொங்கணிகள் என்று பல கரையோர மக்கள் அவர்களில் உண்டு. அவர்களுக்காக ஒரு வரலாற்று நாவல் நம்மிடம் இல்லை, ஒரு நினைவுநாளும் இல்லை.

1946 பிப்ரவரி 18. பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் மோசமான சாப்பாட்டையும் அதிகாரிகளின் இழிசொல்லையும் எதிர்த்து மாலுமிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஐந்தே நாளில் அது கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பரவி, 78 கப்பல்களும் 20 கரைத்தளங்களும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளும் சேர்ந்த எழுச்சியானது. பழிவாங்கல் இருக்காது என்று பட்டேல் அளித்த வாக்கை நம்பி 23ஆம் தேதி சரணடைந்தார்கள். 476 பேர் படையை விட்டு நீக்கப்பட்டார்கள். ஒன்றரை ஆண்டில் சுதந்திரம் வந்தது. இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்ப எடுக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் எடுக்கவில்லை. நேதாஜி படையிலிருந்து திரும்பியவர்களுக்கும் இந்திய ராணுவத்தின் கதவு அப்படியே மூடிக்கிடந்தது.

வங்காளத்தில் உத்பல் தத் 1965இல் இந்த எழுச்சியை 'கல்லோல்' என்ற நாடகமாக மேடையேற்றினார். அந்த ஆண்டே சிறைக்கும் போனார். ராஜராஜனை மேடையிலும் திரையிலும் கொண்டாடிய நமக்கு 'தல்வார்' என்ற பெயரே பள்ளிப்பாடத்தில் ஒரு வரியாகத்தான் வந்து போனது.

தமிழில் ஒருவர் எழுதினார். ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர்; மேடானிலும் பினாங்கிலும் போர்க்காலத்தைக் கண்ணால் கண்டவர்; திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். 'கடலுக்கு அப்பால்' நாவலில் செல்லையா என்ற இளைஞன் நேதாஜி படையிலிருந்து பினாங்குக் கடைக்குத் திரும்பி வருகிறான். கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளைக்கு அவன்மேல் பாசம் உண்டு. மகள் மரகதத்துக்கு அவன்மேல் காதல் உண்டு. ஆனாலும் துப்பாக்கி பிடித்த கை இனி கணக்குப் பேரேட்டுக்கு ஆகாது என்று முதலாளி முடிவு கட்டிவிடுகிறார். எதிரி எவனும் செய்யாத காரியத்தை வீட்டு மனிதர் செய்கிறார், அதுவும் நல்ல மனிதராக இருந்துகொண்டே. போர் முடிந்து வந்தவனுக்கு ஊர் செய்வது என்ன என்பதை இவ்வளவு தெளிவாகத் தமிழில் வேறெவரும் எழுதியதாக நமக்குத் தெரியவில்லை. அந்த முதலாளியின் இடத்தில் நம் பாட்டன்மார் இருந்தார்கள், பிறகு நாமும் இருந்தோம்.

அந்த எழுத்தாளருக்கு நாம் செய்ததும் அதேதான். 1972இல் 'புயலிலே ஒரு தோணி' வெளிவந்தது. கண்டுகொண்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர் அதன்பின் நாவல் எழுதவில்லை. 1997இல் மதுரையில் மறைந்தார். இன்று அதைத் தமிழின் பெரிய நாவல்களில் ஒன்று என்கிறோம். அவர் காதில் விழும்படி சொல்ல நமக்கு 25 ஆண்டுகள் இருந்தன.

'புயலிலே ஒரு தோணி' வந்த அதே 1972இல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் வந்தது. நேதாஜி படையினரும் பின்னர் கடற்படை எழுச்சியாளர்களும் அதற்கு உரியவர்கள் என்று ஏற்கப்பட்டார்கள். ஆனால் பொதுவாக ஆறு மாதமாவது சிறையிலிருந்ததற்குச் சான்று வேண்டும். எங்கோ பர்மாவிலோ சிங்கப்பூரிலோ முகாமில் அடைபட்டுக் கிடந்தவன் அந்தக் காகிதத்துக்கு எங்கே போவான்? ஓய்வூதிய மனுவோடு அலுவலக வாசலில் நின்றவர்களை நாம் பார்த்திருக்கிறோம். "பென்ஷனுக்கு அலையுறாரு" என்று சொல்லிவிட்டு நடந்தோம். படித்த பிள்ளைகள் நாம். மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்திருக்கலாம், கூட இருந்த கைதியின் ஊரைத் தேடிக் கடிதம் போட்டிருக்கலாம். திண்ணையில் அவர்கள் வாய் திறந்தபோது, "தாத்தா மறுபடி சிங்கப்பூர் கதைய ஆரம்பிச்சிட்டாரு" என்று எழுந்து போனோம். போன இடத்தில் உட்கார்ந்து சாண்டில்யன் படித்தோம்.

அந்தத் தலைமுறை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. பின்னால் வந்த பட்டாளத்தார்களிடமும் நாம் கேன்டீன் பாட்டில் கேட்டோமே தவிர கதை கேட்கவில்லை. டிசம்பர் 7 கொடிநாள் வந்தால் சட்டையில் ஒரு சிறு கொடியைக் குத்திக்கொண்டு உண்டியலில் சில்லறை போடுவதோடு நம் கடன் தீர்ந்தது.

கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் பரண்களில் டிரங்குப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கே அறுபது வயதாகிவிட்டது. அவர்களுக்குப் பாதிக் கதை நினைவிருக்கும். மீதிப் பாதியைப் பெட்டிக்குள் கிடக்கும் கடிதங்களில் தேடலாம். திருவாரூரில் இலக்கியக் கூட்டம் நடத்துகிற நாம், ஒரு மாதக் கூட்டத்தை நிறுத்திவிட்டு இந்த வீடுகளுக்குப் போகலாம். கப்பலைப் பற்றியும் சண்டையைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டாம். இறங்கி வந்தபின் என்ன வேலை கிடைத்தது, யார் கடன் கொடுத்தார்கள், யார் பெண் கொடுக்க மறுத்தார்கள், எந்தக் கடையில் வேலை இல்லை என்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம்.