கவனக்குறைவு யாருடையது?

இரும்புப் பட்டறையிலே ஒரு தொழிலாளியின் கால் நசுங்கினால், மறுநாளே அறிக்கை தயாராகிவிடுகிறது. அதில் ஒரு சொல் தவறாமல் இடம் பெறுகிறது: 'கவனக்குறைவு'. யாருடைய கவனக்குறைவு? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனுடையதாம்! இதை நாம் ஏற்பதற்கில்லை.

தோட்டத்துப் பத்திரிகைக்குப் பட்டறை விவகாரம் எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று எங்கே போகிறார்கள்? சுங்கை பட்டாணி பாக்கார் அராங் தொழிற்பேட்டைக்கும் கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். காண்டாக் கம்பு தோளை விட்டு இறங்கியது; பாரமோ தலைக்கு மேலே ஏறிக்கொண்டது.

பாரம் என்றால் என்னவென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அக்காலத்து ஷீட் ரப்பர் பேல் ஒன்றின் எடை 250 ராத்தல். அதைப் புரட்டிப் புரட்டியே இடுப்பொடிந்தவர்கள் எத்தனை பேர்! 1965ல் தர ரப்பர் திட்டம் வந்த பிறகுதான் 33 கிலோ அளவிலான சிறு கட்டிகள் வழக்கத்துக்கு வந்தன. அதுவும் செயற்கை ரப்பரோடு போட்டியிட வேண்டி வந்த மாற்றமே தவிர, நம் முதுகெலும்பின் முறையீட்டைக் கேட்டு வந்ததன்று.

பிள்ளைகள் ஓவர்ஹெட் கிரேன் என்று சொல்லும் பாரந்தூக்கிக்கு நாம் எதிரிகள் அல்லர். பத்துப் பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கிய தகட்டை, பொத்தான் பெட்டியைக் கையில் பிடித்த ஒருவர் நகர்த்திவிடுகிறார். வரவேற்கிறோம். ஆனால் கிரேனைக் கூரைக்கடியில் மாட்டியதோடு தம் கடமை தீர்ந்தது என்று முதலாளிமார் நினைக்கிறார்களே, அங்கேதான் நமக்கு வழக்கு.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1 டன் தகடு; கொக்கியிலிருந்து இரண்டு கட்டுக்கயிறுகள். இரண்டும் நேர் குத்தாகத் தொங்கினால் ஒவ்வொன்றும் அரை டன் சுமக்கும். அதே கயிறுகள் விரிந்து, படுக்கை மட்டத்துக்கு 30 பாகை அளவில் சாய்ந்துவிட்டால், ஒவ்வொரு கயிற்றின் மீதும் முழுதாக 1 டன் இழுவை விழும். தகட்டின் எடை ஒரு ராத்தல் கூடவில்லை; கயிற்றின் பாடோ இரட்டிப்பாகிவிட்டது. கயிறு ஏன் அப்படிப் படுக்கிறது? குட்டையாக இருப்பதால். ஏன் குட்டை? நீளக் கயிறு வாங்கக் காசில்லையாம்! புதிய லாரி வாங்கக் காசிருக்கிறது. அந்தக் கயிறு அறுந்தால், கீழே நின்றவனின் கவனக்குறைவு!

கொக்கியைப் பாரத்துக்கு நேர் மேலே கொண்டுவராமல் பக்கவாட்டில் இழுத்தால், தரையை விட்டு எழும்பிய நொடியே பாரம் ஊஞ்சலாடும். இது பையன்களுக்கும் தெரியும். கிரேன் ஓடும் பாதையில் சரக்கைக் குவித்து வைத்துவிட்டு, "ஐந்து மணிக்குள் லாரி ஏற வேண்டும்" என்று போர்மன் கத்தினால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? கொக்கியின் வாயை அடைக்கும் நாக்கு உடைந்தால் கம்பியால் கட்டுவது, கொக்கி உச்சியில் மோதுமுன் நிறுத்தும் சுவிட்சு கெட்டால் "பார்த்து ஓட்டு" என்பது... இவையெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

பெர்கேசோ பணம் வருமே என்று ஆறுதல் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வரட்டும். அதைக் காட்டிக் காலுக்கு விலை பேச வேண்டாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இப்போது நீக்கப்பட்டுவிட்டது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாரந்தூக்கிக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி போய்விடவில்லை. கடமை தவறும் முதலாளிக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் உண்டு. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து, எடுத்துச் சொல்லியும் முதலாளி சீர் செய்யாவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இந்தக் கடைசி உரிமையை எத்தனை பட்டறைகளின் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்?

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. அறிக்கையைத் தட்டச்சு செய்பவர்கள் உங்களில் பலர். 'கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னால், அதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். கிரேனின் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும்? கட்டுக்கயிற்றில் அது தாங்கும் எடை குறிக்கப்பட்டிருந்ததா? சைகை கொடுக்க ஒருவரை நியமித்திருந்தார்களா? பாரம் செல்லும் வழியிலிருந்து ஆட்களை விலக்கும் பொறுப்பு யாருடையது? பதில்களை அதே அறிக்கையில் எழுதுங்கள். எழுத வேண்டாம் என்று நிர்வாகம் சொன்னால், யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று குறித்துக்கொண்டு சங்கக் கிளைக்குத் தெரிவியுங்கள்.