பழைய வண்டியும் பழைய வழியும்

நாரணாபுரத்திலிருந்து குமரிமுனைக்கு அம்பாசிடரில் போவதெனத் தீர்மானித்திருக்கிறோம். நண்பர்கள் சொன்ன யோசனை எளிது: சாத்தூரில் நான்குவழிச் சாலையைப் பிடித்தால் மதியத்திற்குள் கடலைப் பார்த்துவிடலாம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பில் உருவாகி, உத்தர்பாரா ஆலையில் 2014இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. அதன் நிதானத்திற்குப் பொருந்தும் வழி வேறு. மதுரையை 1689 முதல் ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரால் இன்றும் வழங்கும் பெருவழி ஊர்களைத் தொட்டுச் சென்றது. சத்திரமும் நிழல்மரமும் நடந்து போகிறவரை எண்ணி அமைந்தவை. இன்றைய 44ஆம் எண் நெடுஞ்சாலையோ பல ஊர்களை ஒதுக்கிவிட்டு விரைகிறது. பழைய வண்டியில் ஏறிப் புறவழியில் பறப்பது பாதிப் பயணமே.

ஆகவே கிலோமீட்டரை விட்டு, நிற்குமிடங்களைக் கொண்டு திட்டமிட்டோம். கோவில்பட்டிக் கடைத்தெருவில் கடலைமிட்டாய். அடுத்து, கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல். பிறகு, 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு. இரவு நெல்லையில் தங்கல்.

நான்குவழிச் சாலையை நாங்கள் பழிக்கவில்லை. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊர் எங்களுடையது. விபத்து நேரும் நாட்களில் தீக்காயம்பட்டவர்களை மதுரைக்கு விரைந்து கொண்டுசேர்ப்பது அந்தச் சாலைதான். உயிர் காக்கும் வேகத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே கேட்கிறோம்: அவசரத்திற்கு அமைந்த சாலை எல்லாப் பயணங்களுக்கும் அளவுகோலாகலாமா? எங்கள் திட்டத்தில் ஒரு நாள் கூடுகிறது. கூடட்டும்.